பழைய அறுப்பு வண்டிக்கு எத்தனை வரிசை ஹெட்?

மக்காச்சோள ஹெட் என்பது அறுப்பு வண்டியின் முன்னால் மாட்டி, வரிசை வரிசையாகக் கதிரைப் பறிக்கும் பகுதி. ஆறு வரிசை ஹெட்டை நான் வாங்கியதற்கு ஒரே காரணம் அதன் அகலம். என் வண்டியில் இருந்த நெல் கட்டர்பார், அதாவது நெல் அறுக்கும் கத்திச் சட்டம், 14 அடி. அந்த ஹெட்டோ வரிசைக்கு 75 செ.மீ. வீதம் ஆறு வரிசை, மொத்தம் நாலரை மீட்டர். 15 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை வருஷம் 14 அடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய வண்டி, இதைத் தூக்காதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கெங்கே பிசகியது என்று எழுதி வைத்தால், பழைய வண்டியோடு மக்காச்சோள வேலைக்கு இறங்க நினைக்கிற இன்னொருவருக்கு ஒரு பருவமாவது மிச்சமாகும்.

எங்கள் ஊர் சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கம். பனையும் கருவேலும் உப்பளமும்தான் அதிகம். அறுப்பு வண்டிக்கு உள்ளூரில் வேலை குறைவு. தை பிறந்ததும் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போய்விடுவோம். நேரடியாக விதைத்த மானாவாரி நெல் அங்கே ஒரே நேரத்தில் விளைந்து நிற்கும். ஒரு மாதம், மிஞ்சினால் 40 நாள். அதோடு நெல் வேலை முடிந்தது.

பஞ்சாபில் நாபா என்ற ஊருக்குப் போய்ப் பழைய டயர் வண்டி ஒன்றை 2016-இல் ஓட்டிவந்தேன். லேலண்ட் இன்ஜின், 100 குதிரைத்திறன் அளவு. எனக்கு வரும்போதே அதற்கு 12 வயது. வந்த வருஷமே வானம் பொய்த்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. கண்மாய்கள் காய்ந்து கிடந்தன. நெல்லே இல்லாத ஊரில் நெல் அறுக்கிற வண்டியை வைத்துக்கொண்டு கடன் தவணை கட்டினேன். ஒரே பயிரை நம்பி வண்டி வைத்திருக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வேம்பாறு தாண்டினால் தூத்துக்குடி மாவட்டம். அங்கிருந்து விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் என்று கரிசல் விரிகிறது. புரட்டாசியில் மக்காச்சோளம் விதைப்பார்கள், தை மாசியில் அறுப்பார்கள். நெல் வேலையும் அதே நேரம்தானே என்று கேட்கலாம். விளைந்த நெல் சாய்ந்தால் போச்சு, அது காத்திருக்காது. மக்காச்சோளம் தட்டையிலேயே நின்று காயும். முதலில் நெல்லை முடித்துவிட்டு மாசியில் கரிசலுக்குப் போகலாம். இந்த யோசனை மட்டும் கடைசிவரை சரியாகவே இருந்தது. ஹெட்தான் தப்பு.

2020 மாசியில், புதூர் பக்கம் ஒரு புஞ்சையில்தான் முதல் முறையாக ஹெட்டை இறக்கினேன். இரண்டு ஏக்கர். விளைச்சல் நல்ல விளைச்சல். வண்டி உள்ளே போன முதல் நிமிடத்திலேயே சத்தம் மாறியது. நடு இரண்டு வரிசை ஒழுங்காக உள்ளே வந்தது. அதற்கு அடுத்த இரண்டும் வளைந்து வளைந்து வந்தன. ஓரத்து இரண்டு வரிசைத் தட்டைகள், வரிசைகளைப் பிரித்துவிடும் மூக்கின் நுனியில் மோதிக் கீழே சாய்ந்தன, கதிரோடு. வண்டி அவற்றின் மேல் ஏறிப் போனது.

புஞ்சைக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். கத்தவில்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்க. பின்னாடி வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். இறங்கிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் சாக்கோடு வந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அறுத்த இடத்தில் விழுந்த கதிரைப் பொறுக்குவது அந்தப் பக்கம் வழக்கம்தான். ஆனால் ஒரு ஏக்கர் முடிவதற்குள் நாலு சாக்கு நிரம்பியிருந்தது. சாக்குக்கு 40 கிலோ கதிர் என்றால் 160 கிலோ. சக்கை போக மணி 125 கிலோ தேறும். அந்த ஆண்டு மக்காச்சோளத்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,760 ரூபாய். அதை வைத்துப் பார்த்தாலே ஒரு ஏக்கரில் 2,200 ரூபாய் மண்ணில் கிடந்தது. அதுவும் பொறுக்க முடிந்தது மட்டும். அந்த ஏக்கருக்கு நான் கூலி வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை.

இரண்டாவது ஏக்கரில் மெதுவாகப் போனேன். வேகத்தைக் கூட்டியபோது, கதிரை அடித்து மணி பிரிக்கும் டிரம் அடைத்துக்கொண்டது. மூன்று முறை பெல்ட் கருகிய வாசம். பொழுது சாய்ந்தபோது அந்த ஏக்கரில் பாதி நின்றுகொண்டிருந்தது. மறுநாள் ஆத்தூர்ப் பக்கத்து வண்டி ஒன்று வந்து முடித்தது. அதை ஓட்டிவந்த அண்ணனுக்கு 60 வயது இருக்கும். என் ஹெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பேசாமல் தன் வண்டிக்குப் போய் டேப்பை எடுத்துவந்தார்.

"தம்பி, இந்த மனுஷன் என்ன இடைவெளியில விதைச்சிருக்கார்னு பார்த்தீங்களா?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதைப் பார்த்து ஹெட் வாங்குனீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அறுக்காத பகுதியில் டேப்பை நீட்டினார். முதல் வரிசைத் தூரில் ஒரு முனை, 11-ஆவது வரிசைத் தூரில் மறுமுனை. 11 வரிசை என்றால் 10 இடைவெளி. சரியாக 6 மீட்டர் வந்தது. அப்படியானால் வரிசைக்கு வரிசை 60 செ.மீ. ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் 55 என்றும் வரும், 66 என்றும் வரும். பத்தை அளந்து பத்தால் வகுத்தால்தான் உண்மை தெரியும். அன்று கற்ற இந்த அளவை இன்றுவரை எந்தப் புஞ்சையிலும் நான் விட்டதில்லை.

அந்த ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். ஹெட்டின் நடுவிலிருந்து ஒரு பக்கம், தட்டையை இழுக்கும் உருளைகள் இருக்கும் இடம் 37.5, 112.5, 187.5 செ.மீ. பயிர் வரிசைகள் நிற்கும் இடம் 30, 90, 150. முதல் வரிசைக்கு 7.5 செ.மீ. விலகல், அது பரவாயில்லை. இரண்டாவதற்கு 22.5 செ.மீ., தட்டை ஒரு சாண் வளைந்தாக வேண்டும். மூன்றாவதற்கு 37.5. அது 112.5-க்கும் 187.5-க்கும் நட்ட நடு, அதாவது மூக்கு நுனி இருக்கும் இடம். அந்த வரிசைக்கு உள்ளே வர வழியே கிடையாது. என் கண்ணால் பார்த்த மூன்று விதமான வரிசையும் தாளில் அப்படியே வந்து நின்றது. ஒரு பென்சிலும் ஒரு தாளும் வாங்குவதற்கு முன்னால் கையில் இருந்திருந்தால், இரண்டு லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

நெல் கட்டருக்குப் பழகிய கைக்கு இது சட்டென்று புரியாது. நெல்லில் வரிசையே கிடையாது, 14 அடியில் எது நின்றாலும் கத்தி அறுக்கும். மக்காச்சோள ஹெட்டில் கத்தி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு உருளை தட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கும். மேலே இரண்டு தட்டு, நடுவில் சந்து. தட்டை சந்து வழியாகக் கீழே போகும், கதிர் பருமன் என்பதால் போக முடியாமல் ஒடிந்து மேலேயே நிற்கும். சங்கிலி அந்தக் கதிரை மட்டும் ஆகருக்கு, அதாவது கதிரை வண்டிக்குள் தள்ளும் திருகு உருளைக்கு, கொண்டுபோகும். இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் தட்டை சந்துக்கு நேராக வந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் ஹெட்டுக்கு அகலம் கேட்பதற்கு முன்னால் இடைவெளி கேட்க வேண்டும் என்கிறேன்.

அந்தப் பங்குனியிலேயே புதூர், நாகலாபுரம், எட்டயபுரம் என்று பைக்கில் சுற்றினேன். அறுத்த புஞ்சையில் அடித்தூர் நிற்கும், அளக்க அது போதும். 23 புஞ்சை அளந்தேன். 15 இடத்தில் 60 அல்லது அதை ஒட்டி. 6 இடத்தில் 45. அந்த 45 எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். டிராக்டர் கலப்பையில் கொழுக்கள் 9 அங்குல இடைவெளியில் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றில் விதைக் குழாய் மாட்டினால் 18 அங்குலம், அது 45 செ.மீ. மீதி இரண்டு புஞ்சையில் கையால் ஊன்றியது, வரிசையே இல்லை. 75 செ.மீ. ஒன்றுகூட இல்லை. நம் வேளாண் பல்கலைக்கழகமே வீரிய ஒட்டு ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்றுதான் சொல்கிறது. 75 என்பது வேறு நாட்டு வயலுக்காகச் செய்த அளவு. வாங்கும் இடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இடைவெளி முடிந்தது. இனி எத்தனை வரிசை?

நெல் கட்டர் 4.2 மீட்டர். மானாவாரி நெல்லில் மணிக்கு 3 கி.மீ. போவோம். திருப்பத்தில் போகும் நேரத்தை விட்டுவிட்டால் மணிக்கு 12,600 சதுர மீட்டர், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஏக்கருக்கு 1.8 டன் நெல் என்றால் மணிக்கு ஐந்தரை டன். வருஷக்கணக்காக என் வண்டி செரித்தது இதுதான். ஆறு வரிசை ஹெட்டின் நாலரை மீட்டரில் மணிக்கு 4 கி.மீ. போனால் 18,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட நாலரை ஏக்கர். ஏக்கருக்கு 2.5 டன் மக்காச்சோளம் என்றால் மணிக்கு 11 டன். அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளே போவதோ இரண்டு மடங்கு. டிரம் அடைத்ததில் என்ன ஆச்சரியம்?

மக்காச்சோளத்தில் வைக்கோல் உள்ளே வராது, கதிர் மட்டும்தான் வரும். அதனால் நெல்லைவிடக் கூடுதல் டன்னை வண்டி தாங்கும் என்பது உண்மை. என் வண்டி 8 டன் வரை முனகாமல் வாங்கியது. அதற்கு மேல் போனால் டிரம் திணறும் முன்பே சல்லடை திணறும், மணி சக்கையோடு சேர்ந்து பின்னால் போகும். மணியை மேலே ஏற்றும் எலிவேட்டரில் தேய்ந்த சங்கிலி வேறு. பழைய வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் திறனைப் பார்க்காதீர்கள். போன பருவத்தில் சிரமப்படாமல் என்ன செரித்தது என்று பாருங்கள்.

நாலு வரிசை, 60 செ.மீ. என்றால் 2.4 மீட்டர். அதே 4 கி.மீ. வேகத்தில் மணிக்கு 2.4 ஏக்கர் அளவு, 6 டன். இறவைப் புஞ்சையில் ஏக்கருக்கு 3.5 டன் நின்றால் 8 டன்னைத் தாண்டும், அங்கே வேகத்தை 3 கி.மீ.க்குக் குறைத்தால் திரும்ப 6 டன்னுக்கு வந்துவிடும். ஐந்து வரிசையையும் யோசித்தேன். மானாவாரிக்கு அது சரியாக வரும், இறவைக்குப் போனால் 10 டன் ஆகிவிடும். அதனால் நாலு.

"பெரிய ஹெட்டைப் போட்டு மெதுவாக ஓட்டினால் போதாதா?" என்று இதுவரை பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இரண்டாவது ஏக்கரில் செய்துபார்த்தேன். சல்லடையும் காற்றாடியும் ஒழுங்காக வேலை செய்ய இன்ஜின் முழுச் சுற்றில் ஓட வேண்டும். இன்ஜின் முழுச் சுற்றில் ஓடினால் உருளையும் முழு வேகத்தில் சுழலும். வண்டி ஆமை வேகத்தில் போகும்போது உருளை தட்டையை வெடுக்கென்று இழுக்கும். கதிர் தட்டில் போய் மோதும், அடிப்பக்கத்து மணி உதிரும், சில கதிர் துள்ளி ஹெட்டுக்கு வெளியே விழும். ரொம்ப வேகமாகப் போனாலும் கெடுதி, உருளை இழுத்து முடிக்கும் முன்னால் தட்டை முன்பக்கம் சாயும். நடை வேகத்துக்கும் உருளை வேகத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. மெதுவாக ஓட்டி ஹெட்டின் அகலத்தை ஈடுகட்ட முடியாது.

அடுத்தது எடை. இதை நான் இரண்டாவதாகவே பார்த்திருக்க வேண்டும். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் ரீலோடு சேர்த்து நெல் கட்டர் 720 கிலோ. ஆறு வரிசை ஹெட் 1,640 கிலோ. முழுவதும் கெட்டி இரும்பு. ஹைட்ராலிக் அதைத் தூக்கியது, மெதுவாகத் தூக்கியது, தூக்கி முடித்ததும் வால்வு விசில் அடித்தது. அதைவிட மோசம், வண்டியின் பின்பக்கம் லேசாகிவிட்டது. இந்த வண்டிகளில் திருப்புவது பின் சக்கரம். வரப்பு ஏறும்போது பின் சக்கரம் மண்ணைத் தொடாமல் தொங்கியது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை. ஓடைக் கரையில் அப்படி ஒரு நொடி நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இப்போது இருக்கும் நாலு வரிசை ஹெட் 1,050 கிலோ. அதற்கும் பின் அச்சின் மேல் இரும்பு எடை கட்டித்தான் ஓட்டுகிறேன். கரிசல் மண் ஈரமாக இருந்தால் முன் டயர் புதையும் ஆழத்திலேயே எடை வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழைய ஹெட்டையே குறுக்க முடியுமா என்று பட்டறையில் கேட்டேன். அதன் ஒவ்வொரு வரிசைக்கும் கியர் பெட்டி, சங்கிலி, மூக்கு எல்லாம் சேர்ந்து 70 செ.மீ. பிடித்தது, 60-க்கு நெருக்க இடமே இல்லை. நஷ்டத்துக்கு விற்றேன். ஒரு வருஷம் தேடி, சட்டத்தில் போல்ட்டைத் தளர்த்தி வரிசைகளை நகர்த்தி வைக்கக்கூடிய நாலு வரிசை ஹெட் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. 60-க்கு நகர்த்தி இறுக்கினோம். இப்படி நகரக்கூடியது கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுத்தாவது வாங்கலாம் என்பது என் கருத்து.

வாங்கும் இடத்துக்கு டேப்பும் சாக்பீஸும் கொண்டுபோங்கள். வண்டியின் தொண்டை, அதாவது ஃபீடர் வாய், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, கொக்கி மாட்டும் இடம் எங்கே என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டின் ஆகர் கதிரைத் தள்ளும் வாசல் ஃபீடர் வாய்க்கு நேராக வர வேண்டும். என்னுடையதில் ஒரு சாண் விலகியிருந்தது. நடுவில் ஒரு இணைப்புச் சட்டம் செய்து மாட்டினோம். இப்படிச் சட்டம் வைத்தால் ஹெட் முன்னால் தள்ளிப் போகும், அந்த அளவுக்குத் தூக்குகிற பாரமும் கூடும். முடிந்தவரை ஒல்லியாகச் செய்யச் சொல்லுங்கள்.

ஓட்டம் வரும் ஷாஃப்ட் எந்தப் பக்கம், எந்தத் திசையில் சுற்றுகிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும் முக்கியம். என் வண்டி கொடுத்தது 400 சுற்று, ஹெட் கேட்டது 500. ஓட்டும் பக்கத்தில் இருந்த 20 பல் ஸ்பிராக்கெட்டைக் கழற்றி 25 பல் போட்டோம், கணக்குச் சரியாக வந்தது. கல்லோ வேரோ மாட்டினால் வழுக்கிவிடும் கிளட்ச் அந்த ஷாஃப்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ஹெட்டை வாங்காதீர்கள், பழைய வண்டியின் கியர் பெட்டிதான் அதற்கு விலை கொடுக்கும்.

உள்ளே டிரம்மையும் மாற்ற வேண்டியிருந்தது. நெல்லுக்கு இருந்தது பல் டிரம். அது கதிரை அடித்து நொறுக்கியது, சக்கை துண்டு துண்டாகச் சல்லடைக்கு வந்தது, மணியும் உடைந்தது. கோதுமைக்குப் போடும் பட்டை டிரம் வாங்கி மாட்டினோம். பட்டைகளுக்கு நடுவில் கதிர் விழாதபடி தகடு அடைத்தோம். டிரம்முக்கு அடியில் வளைந்திருக்கும் கம்பித் தட்டியான கான்கேவில் ஒன்று விட்டு ஒரு கம்பியை உருவி எடுத்தோம், பெரிய மணி கீழே இறங்க வழி வேண்டுமே. சுற்று 450 முதல் 500 வரை. நெல்லுக்கு ஓட்டியதில் ஏறக்குறைய பாதி. டிரம்முக்கும் கான்கேவுக்கும் இடைவெளி முன்பக்கம் 30 மில்லிமீட்டர், பின்பக்கம் 18. ஆனால் இந்த எண்களை நம்புவதைவிடச் சக்கையை எடுத்துப் பார்ப்பது நல்லது. முழுசாகவோ இரண்டாக ஒடிந்தோ வந்து, அதில் மணி ஒட்டாமல் இருந்தால் சரி. பொடியாக வந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள், மணி ஒட்டியிருந்தால் குறையுங்கள். ஃபீடர் சங்கிலியின் முன் உருளையையும் கொஞ்சம் உயர்த்த வேண்டும். நெல்லுக்கு வைத்த தாழ்விலேயே விட்டால் கதிர் அங்கேயே நசுங்கும்.

ஹெட்டில் தட்டுச் சந்து முன்பக்கம் 30 மில்லிமீட்டர் அளவு, பின்பக்கம் மூன்று மில்லிமீட்டர் அதிகம். எங்கள் பக்கத்து மானாவாரிக் கதிர் சின்னது. சந்து அகலமாக இருந்தால் கதிரின் அடி உருளையைத் தொட்டுவிடும், மணி அங்கேயே உதிர்ந்து மண்ணில் போகும்.

மணி எவ்வளவு சிந்துகிறது என்று பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி கம்பிச் சட்டம் செய்து வைத்திருக்கிறேன். அறுத்த இடத்தில் பத்து இடம் போட்டு எண்ணுவேன். சதுர அடிக்கு சராசரி 2 மணி கிடந்தால் ஏக்கருக்கு 87,000 மணி. 100 மணி 30 கிராம் என்றால் 26 கிலோ. விழுந்த கதிருக்குக் கணக்கு இன்னும் சுலபம். ஒரு சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒன்று. சென்ட்டுக்கு ஒரு கதிர் விழுந்தால் ஏக்கருக்கு 100 கதிர், கதிருக்கு 150 கிராம் மணி என்றால் 15 கிலோ. புஞ்சைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எண்ணுங்கள். அவர் கேட்கும் முன்னால் நாமே எண்ணினால் கூலிப் பேச்சில் சண்டை வராது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உருளையில் தட்டை சிக்கினால் இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போடாமல் ஹெட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். உருளை தட்டையை நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் இழுக்கும். பிடியை விட வேண்டும் என்று நினைக்கும் நேரத்துக்குள் கை உள்ளே போயிருக்கும். நெல் கட்டரில் பழகியவர்கள் ஓடும்போதே வைக்கோலை உருவுவார்கள், என் டிரைவரும் முதல் வாரம் குச்சியோடு போனான். வண்டியை நிறுத்தி அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அன்றைய வேலை நின்றதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடு உண்டு. பருவம் முடிந்து பத்து மாதம் ஹெட் கொட்டகையில் கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் கடல் ஈரம் உப்போடு வந்து எல்லாவற்றிலும் படியும். முதல் வருஷம் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தேன். அவிழ்த்துப் பார்த்தபோது சங்கிலி ஒரே கட்டையாக இறுகியிருந்தது, தட்டு போல்ட்டுகள் அசையவில்லை. தார்ப்பாய் உப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துவிட்டது. ஃபீடர் அடித்தகடு வேறு காகிதம் மாதிரி ஆகி, விரலால் அழுத்தினால் ஓட்டை விழுந்தது. இப்போது கரிசலில் இருந்து கிளம்பும் முன்பே அங்கேயே நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுகிறேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்பை நாமே பூசின மாதிரி. சங்கிலியைக் கழற்றி எண்ணெய்ச் சட்டியில் ஊறப்போட்டு விடுவேன். உருளையிலும் தட்டிலும் கிரீஸ் பூசுவேன். மேலே பனையோலைக் கொட்டகை, பக்கவாட்டில் காற்றுப் போகத் திறப்பு. மாதம் ஒரு தடவை கையால் ஒவ்வொரு உருளையையும் ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும். கடலோரத்தில் பழைய ஹெட் வாங்குவதாக இருந்தால் பெயின்டைப் பார்க்காதீர்கள், போல்ட்டில் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

2022 மாசியில் நாலு வரிசை ஹெட்டோடு அதே புதூர்ப் புஞ்சைக்குப் போனேன். நானாகவே போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கால் ஏக்கர் ஓட்டுங்க, பார்ப்போம்" என்றார். ஓட்டி முடித்துக் கம்பிச் சட்டத்தைப் போட்டு எண்ணினோம். பத்து இடத்தில் சேர்த்து 13 மணி. அந்தக் கால் ஏக்கரில் விழுந்த கதிர் 9. மீதியையும் அறுக்கச் சொல்லிவிட்டார். ஹெட் குறுகலாக இருப்பதால் வண்டிப்பாதையில் கழற்றாமலே அடுத்த புஞ்சைக்குப் போக முடிந்தது. ஆறு வரிசை இருந்தபோது ஒவ்வொரு முறையும் கழற்றி டிரெய்லரில் ஏற்றி, மறுபடி மாட்டி, அதிலேயே அரை நாள் போகும். நாள் முடிவில் அறுத்த ஏக்கர் கூடுதலாகத்தான் இருந்தது.

45 செ.மீ. விதைப்புக்கு மட்டும் நான் போவதில்லை. என் உருளைகள் 30-லும் 90-லும், அந்தப் பயிர் 22.5-லும் 67.5-லும். ஓர வரிசை மறுபடி ஒரு சாண் வளைய வேண்டும். கூலி கூடத் தருகிறேன் என்றாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

போன ஆவணியில் நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். 45-இல் விதைத்ததால் முந்தைய மாசியில் நான் அறுக்க மறுத்த புஞ்சை அவருடையது. "அண்ணாச்சி, கலப்பையக் கழட்டி வச்சிருக்கேன். கொழுவ எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க" என்றார். மறுநாள் பைக்கில் போனேன். கொழுவின் பிடி போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினால் 60 செ.மீ. இடைவெளியில் நாலு கொழு அந்தச் சட்டத்திலேயே நின்றது. ஒரு ஓட்டத்தில் நாலு வரிசை விதைக்கும், என் ஹெட் ஒரு ஓட்டத்தில் அதே நாலு வரிசையை அறுக்கும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் டிராக்டர்காரர் கை கொஞ்சம் முன்பின் போனாலும், அந்தக் கோணல் ஹெட்டுக்கு உள்ளே வராது. அவருக்கு இதை விளக்க, கலப்பை அடியில் மண்ணில் நாலு கோடு கீறி, பக்கத்தில் இன்னும் நாலு கோடு கீறினேன். உடனே பிடித்துக்கொண்டார். 60 செ.மீ. நீளத்துக்குப் பனை மட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது அவர் கலப்பையிலேயே கட்டிக் கிடக்கிறதாம்.